வீட்டுக்கு ஒரு விஞ்ஞானம்: தொலைவிலிருந்து திறக்கும் கதவு

முந்திய தலைமுறைகளில் தமிழகத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்து குடியேறியவர்களுள் பலர் சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்தனர். வேறு பலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணியாற்றினர். அவர்கள் செய்த தொழில் இன்னதென்று வீட்டிலிருந்த மூதாட்டிக்கும் தெரியும். கடைச் சாவி இரவில் வீட்டிற்கு வரும்; பூசை அறையில் ஓர் ஆணியில் தொங்கும்; மறுநாட் காலையில் மீண்டும் கடைக்குச் செல்லும். இன்றோ நம் இல்லத்து இளைஞர் பலர் கழக்கூட்டத்திலுள்ள டெக்னோபார்க்கிற்குச் செல்கின்றனர். சில நாட்களில் அங்கும் செல்லாமல், வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு கணினியைத் திறந்து வேலை பார்க்கின்றனர். அந்தக் கணினிக்கும் ஒரு கதவு உண்டு. அக்கதவுக்கும் சாவி உண்டு. அச்சாவி எத்தன்மையது, அதனை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது, யாரிடமிருந்து திரும்பப் பெறுவது என்பன கடைச் சாவியைப் போலவே குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்கத் தக்க செய்திகள். அவற்றையே இத்திங்கள் விளக்க எண்ணுகிறோம்.

இது தொழில்நுட்பப் பணியாளர்க்கு மட்டும் உரிய பொருளன்று. இக்காலத்தில் சிறு கடைக்காரர், டியூஷன் நடத்துவோர், சங்கங்கள், கோயிற் கமிட்டிகள் ஆகியோரும் மாத வாடகைக்கு ஒரு சிறு கணினியை அமர்த்திக்கொண்டு, அதில் தம் வலைத்தளத்தையும் கணக்கையும் வைக்கின்றனர். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் எவையெவை அடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகளின் வயது, சில இடங்களில் திருமணப் பதிவுக்காகக் கொடுத்த ஜாதகக் குறிப்பு முதலிய யாவும் அங்கே உள்ளன. வெளியூரில் வாழும் குடும்பங்கள் ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை. அவற்றைக் காப்பது அக்கணினியின் கதவு ஒன்றே.

சர்வர் என்பதும் ஷெல் என்பதும்

பிற கணினிகள் கேட்பவற்றை எடுத்து வழங்குவதற்கென்றே அமைந்த கணினியைச் சர்வர் என்பர். தமிழில் வழங்கி என்றும் எழுதுகின்றனர். அதற்குப் பெரும்பாலும் திரையும் இல்லை, தட்டச்சுப் பலகையும் இல்லை. குளிரூட்டப்பட்ட ஒரு கட்டடத்தில், ஆயிரக்கணக்கான தன்னினத்தாருடன் அடுக்குகளில் அடைபட்டு, இரவு பகல் ஓயாது உழைத்துக்கொண்டிருக்கும். அதன் உரிமையாளர் அக்கட்டடத்தை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார். ஆகவே அதற்கு இடவேண்டிய ஆணைகளை எல்லாம் தொலைவிலிருந்தே இட வேண்டியிருக்கிறது.

தட்டச்சிட்ட ஆணையை வாங்கிக் கணினியிடம் சேர்த்து, அதன் மறுமொழியை நமக்குக் காட்டும் செயலிக்கு ஷெல் என்று பெயர். தொலைவிலிருந்து வருவோருக்கு அந்த ஷெல்லைப் பாதுகாப்பாகத் திறந்துகொடுக்கும் முறையே செக்யூர் ஷெல்; சுருக்கமாக எஸ்.எஸ்.எச்.

தபால் கார்டும் உறையிட்ட கடிதமும்

இம்முறை தோன்றுவதற்கு முன்பு டெல்நெட் என்னும் முறை வழங்கிவந்தது. அது 1969-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கணினிகள் சிலவாகவும், அவற்றைப் பயன்படுத்துவோர் ஒருவரையொருவர் அறிந்தவராகவும் இருந்த காலத்திற்கு அது போதுமானதாயிருந்தது. ஆனால் அதில் ஒரு பெருங்குற்றம் இருந்தது. பயன்படுத்துவோர் தட்டச்சிடும் பெயரும் கடவுச்சொல்லும் உள்ளபடியே கம்பியின் வழியே சென்றன. தபால் கார்டில் எழுதிய செய்தியை வழியிலுள்ள எவரும் படித்துவிடக் கூடுமல்லவா? அதே நிலைதான் அங்கும்.

1995-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இக்குற்றம் வெளிப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஓர் ஒற்றுச் செயலியை மறைத்துவைத்து, அவ்வழியே சென்ற கடவுச்சொற்களைத் திரட்டிக்கொண்டனர். அங்கே ஆராய்ச்சியாளராயிருந்த தாத்து இலோனென் என்பவர் இதனைக் கண்டு, செய்தி முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் ஒரு செயலியை எழுதி, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் 20,000 பேர் அதனைக் கைக்கொண்டனர் என்பர். கணினியில் பலவகைப் பணிகளுக்கும் எண்ணிட்ட வாசல்கள் உண்டு. டெல்நெட்டுக்கு 23-ஆம் வாசலும், கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. முறைக்கு 21-ஆம் வாசலும் உரியனவாயிருந்தன. இடையில் ஒழிந்திருந்த 22-ஆம் எண்ணை இலோனென் கேட்டுப் பெற்றார். இன்றும் எஸ்.எஸ்.எச்.-இன் வாசல் எண் அதுவே. நம் ஊரில் டெக்னோபார்க்கை அப்போதைய பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டிற்கு அர்ப்பணித்ததும் அதே 1995-ஆம் ஆண்டு நவம்பரில்தான்.

பின்னர் 1999-ஆம் ஆண்டில் ஓப்பன்பி.எஸ்.டி. என்னும் திட்டத்தினர் இதன் கட்டற்ற வடிவமொன்றை வெளியிட்டனர். ஓப்பன் எஸ்.எஸ்.எச். எனப்படும் அவ்வடிவமே இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களில் காவல் நிற்கிறது. அதற்கு விலை இல்லை. அதன் உள்ளமைப்பை எவரும் திறந்து படிக்கலாம். கட்டற்ற மென்பொருள் என்னும் இக்கொள்கைக்கும் திருவனந்தபுரத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. அக்கொள்கைக்கான இந்திய அறக்கட்டளையை ரிச்சர்டு ஸ்டால்மன் 2001-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் தொடங்கிவைத்தது இந்நகரில்தான். கேரளப் பள்ளிகளின் கணினிகளும் கட்டற்ற மென்பொருளிலேயே இயங்குகின்றன. ஆகவே உங்கள் பிள்ளை பள்ளியில் கையாளும் மடிக்கணினியிலேயே இக்கதவைத் திறக்கும் கருவி அடங்கியிருக்கிறது. விண்டோஸ், மேக் கணினிகளிலும் இப்போது அது உண்டு. தனியே விலை கொடுத்து வாங்கவேண்டியது எதுவும் இல்லை.

மோதிரமும் முத்திரையும்

எஸ்.எஸ்.எச். மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலாவது, இருபுறமும் உள்ள கணினிகள் தமக்குள் ஓர் இரகசியத்தை ஏற்படுத்திக்கொண்டு, பின்னர் பேசுவதை எல்லாம் அதனைக் கொண்டு மறைக்கின்றன. அனைவரும் கேட்கும்படி பேசியே இருவர் தமக்கு மட்டும் தெரிந்த இரகசியம் ஒன்றை அடையக்கூடும் என்பதை 1976-ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் கணிதத்தால் காட்டினர். இந்த முதற்பணி தானாகவே நடைபெறுவது. இரண்டாவது, சர்வர் தான் இன்னாரென்று நமக்குக் காட்டுகிறது. மூன்றாவது, நாம் இன்னாரென்று சர்வருக்குக் காட்டுகிறோம். இவ்விரண்டில்தான் மனிதர் தவறுகின்றனர்.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். கடவுச்சொல்லால் நம்மை அறிவிக்கும் முறை மிக எளிது, ஆனால் வலுவற்றது. பொது முகவரி பெற்ற ஒரு சர்வரை இயக்கிச் சில மணி நேரம் கழித்து அதன் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். யாரென்றறியாத பலர் வந்து கதவைத் தட்டிச் சென்றிருப்பது தெரியும். இவர்கள் மனிதரல்லர், உலகெங்கும் முகவரி முகவரியாகச் சென்று, “ரூட்”, “அட்மின்”, “டெஸ்ட்” என்று பழகிய பெயர்களையும், பழகிய கடவுச்சொற்களையும் மாற்றி மாற்றி முயலும் செயலிகள். அவற்றிற்குக் களைப்பில்லை. குழந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் அவற்றின் முன் நெடுநாள் நில்லாது.

இதற்கு மாற்றாக அமைந்ததே இணைச்சாவி முறை. பண்டைய அரசர் தம் மோதிரத்தால் ஓலையில் முத்திரையிடுவது வழக்கம். முத்திரையின் வடிவம் நாடெங்கும் தெரியும். ஆனால் அதனைப் பதிக்கும் மோதிரம் அரசர் விரலில் மட்டுமே இருக்கும். இங்கும் அவ்வாறே இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று மறைச்சாவி, அது மோதிரம். மற்றொன்று பொதுச்சாவி; அது முத்திரையின் மாதிரி. மாதிரியைச் சர்வரில் வைத்துவிட்டால், நாம் வரும்போது நம் கணினி அந்தச் சந்திப்புக்கே உரிய ஒரு செய்தியில் மறைச்சாவியால் முத்திரையிட்டு அனுப்பும். சர்வர் அதனை மாதிரியோடு ஒப்பிட்டுக் கதவைத் திறக்கும். உவமை ஓரிடத்தில் பொருந்தாது: கைத்திறமுள்ள தட்டான் முத்திரையைப் பார்த்து மோதிரத்தைச் செய்துவிடுவான், பொதுச்சாவியைப் பார்த்து மறைச்சாவியைக் கணக்கிடுவதோ இன்றைய கணினிகளால் இயலாத செயல். மேலும், மோதிரம் நம் கணினியை விட்டு ஒருபோதும் வெளியே செல்வதில்லை. கடவுச்சொல்லோ ஒவ்வொரு முறையும் மறுபுறத்துக் கணினியின் கைக்குச் செல்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அமைக்கும் முறை

இனி அமைக்கும் ஒழுங்கைச் சொல்வோம். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் ஒலியிலேயே தருகிறோம். கணினியின் முன் அமர்பவர் அவற்றை எளிதில் அறிந்துகொள்வர்.

முதலாவதாக, சாவியைத் தம் சொந்தக் கணினியிலேயே உண்டாக்க வேண்டும். பிறர் உண்டாக்கிக் கொடுத்ததை வாங்குதல் ஆகாது. “எஸ்.எஸ்.எச்.-கீஜென்” என்னும் செயலி இதற்கென உள்ளது. சாவி வகை கேட்டால் “இ.டி.25519” என்பதைக் கொள்ளலாம்; சிறியதும் வலியதும் அதுவே. அடுத்து அச்செயலி ஒரு மறைமொழியைக் கேட்கும். பலர் ஒன்றும் எழுதாமல் அழுத்திவிடுகின்றனர். அவ்வாறு செய்தல் தகாது. மடிக்கணினி ரெயிலிலோ பஸ்ஸிலோ களவு போனால், மறைமொழி இல்லாத சாவி திருடன் கையில் திறந்த சாவியாகும். நான்கைந்து சொற்கள் சேர்ந்த ஒரு தொடரை மறைமொழியாக வைத்தால் போதும்; “ஏஜென்ட்” என்னும் துணைச் செயலி அதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாதலால் அடிக்கடி தட்டச்சிட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, சர்வரில் தமக்கென ஒரு பயனர் பெயரை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். “ரூட்” என்பவர் கணினியின் முழு அதிகாரி. அவர் செய்யக்கூடாதது எதுவும் இல்லை. அவர் பெயரில் நேரே உள்ளே நுழைவது கூடாது. சாதாரணப் பயனராக நுழைந்து, தேவைப்பட்டபோது மட்டும் “சூடோ” வழியாக அதிகாரம் பெறுவதே முறை. பலர் கூடி நிர்வகிக்கும் சர்வரில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் இருத்தல் வேண்டும். அப்போதுதான் எதை யார் செய்தார் என்பது பதிவேட்டில் விளங்கும்.

மூன்றாவதாக, பொதுச்சாவியை அப்பயனரின் “ஆதரைஸ்டு கீஸ்” என்னும் கோப்பில் சேர்க்க வேண்டும். “எஸ்.எஸ்.எச்.-காப்பி-ஐடி” என்னும் செயலி இதனைச் செய்துவிடும். கையால் சேர்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கோப்பு இருக்கும் அறையின் அனுமதி எண் 700 என்றும், கோப்பின் எண் 600 என்றும் அமைதல் நலம். அதாவது, உரியவர் தவிர வேறெவரும் அதில் எழுதவோ படிக்கவோ கூடாது. பிறர் எழுதக்கூடிய நிலையில் அது கிடந்தால், காவல் செயலி ஐயுற்று, சரியான சாவியையும் மறுத்துவிடும். “எல்லாம் சரியாகச் செய்தும் கதவு திறக்கவில்லை” என்று புதியவர் மனம் சலிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நான்காவதாக, முதன்முறை இணையும்போது சர்வர் தன் விரல்ரேகை என்று ஒரு நீண்ட எழுத்துத் தொடரைக் காட்டி, “இவரை நம்பலாமா?” என்று கேட்கும். மேலே இரண்டாவது காரியம் என்று சொன்னது இதுவே. பெரும்பாலோர் படியாமலே “ஆம்” என்று விடையிறுக்கின்றனர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கைரேகையை ஒப்பிடாமலே பதிவு செய்வதற்கு இது ஒப்பாகும். வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுத் திரை வழியே சர்வருக்குள் சென்றால் அதன் உண்மையான விரல்ரேகையைக் காணலாம். இரண்டையும் ஒப்பிட்டு “ஆம்” என்க. ஒருமுறை ஒப்புக்கொண்டால் நம் கணினி அதனைக் குறித்துவைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் “விரல்ரேகை மாறிவிட்டது” என்று பெரிய எச்சரிக்கை தோன்றினால், சர்வரைப் புதிதாக நிறுவினார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். நிறுவவில்லையெனில், இடையில் வேறொருவர் நின்று சர்வர் வேடம் பூண்டிருக்கலாம். எச்சரிக்கையை நீக்கும் வழியைத் தேடுவதைவிட அதன் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

ஐந்தாவதாக, சாவியால் நுழைய முடிகிறதென்று கண்ட பின், கடவுச்சொல் வாசலை அடைத்துவிட வேண்டும். “எஸ்.எஸ்.எச்.டி. கான்ஃபிக்” என்னும் அமைப்புக் கோப்பில் “பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்”, “பெர்மிட் ரூட் லாகின்” என்னும் இரண்டிற்கும் எதிரே “நோ” என்று எழுதுக. “அலவ் யூசர்ஸ்” என்னும் வரியில் உரியவர் பெயர்களை மட்டும் குறிக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இக்கோப்பில் ஒரே பொருள் பற்றி இரண்டு வரிகள் இருப்பின் முதலில் படிக்கப்படுவதே செல்லும். சில வாடகைச் சர்வர்களில், முன்னதாகப் படிக்கப்படும் துணைக் கோப்பு ஒன்றில் கடவுச்சொல்லுக்கு அனுமதி எழுதியிருக்கும். நாம் கீழே எழுதிய “நோ” பயனற்றுக் கிடக்க, கதவு திறந்தே இருக்கும். ஆகவே எழுதியதோடு நில்லாமல், சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லால் நுழைய முயன்று பாருங்கள். கடவுச்சொல்லைக் கேளாமலே மறுத்தால்தான் பூட்டு விழுந்ததென்று பொருள்.

இம்மாற்றங்களைச் செய்யும்போது முன்பு திறந்த திரையை மூடாதீர்கள். “எஸ்.எஸ்.எச்.டி. -டி” என்னும் கட்டளையால் கோப்பில் எழுத்துப் பிழை உளதா என்று சோதித்து, காவல் செயலியை மீண்டும் படிக்கச் செய்து, இரண்டாவது திரையில் புதிதாக நுழைந்து பார்த்த பின்னரே பழையதை மூடுக. கிணற்றில் இறங்கியவன் மேலே வரும் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்வதில்லை. தீயரண் என்னும் வெளிமதிலை எழுப்புகையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 22-ஆம் வாசலுக்கு வழி விட்டபின் மதிலை எழுப்ப வேண்டும். வாசல் எண்ணை 22-இலிருந்து வேறொன்றாக மாற்றினால் போதும் என்று சிலர் கருதுவர். அது தட்டும் ஓசையைக் குறைக்குமேயன்றிக் கதவுக்கு வலிவு தாராது.

இழப்பின் அளவு

இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளிலிருந்து அங்கே சிகிச்சைக்கு வரும் உறவினரை நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் தங்கவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கின்றனர். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அம்மையத்தின் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. கதிர்வீச்சுச் சிகிச்சை சில நாட்கள் தடைப்பட்டது. எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர், எத்தனை நாள் என்னும் கணக்கு நோயாளிக்கு நோயாளி வேறு. அக்கணக்கு கணினியில் இருக்கிறது. கணினி கைவிட்டால் சிகிச்சை இயந்திரம் பழுதின்றி நின்றும் பயனில்லை. அதற்கு முன்பு 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஐந்து சர்வர்கள் இவ்வாறே முடக்கப்பட்டன. நாட்டின் தலைசிறந்த அம்மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவைப் பல நாட்கள் காகிதத்தில் எழுதி நடத்த நேர்ந்தது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் எஸ்.எஸ்.எச்.-இன் குற்றம் என்று நாம் கூறவில்லை. சர்வர் ஒன்று பிறர் கைக்குப் போனால், அந்த இழப்பு இயந்திரத்தோடு நில்லாமல் வரிசையில் காத்து நிற்கும் மனிதர்மீது வந்து விழுகிறது என்பதை எடுத்துக்காட்டவே அவற்றைக் குறித்தோம்.

போனவர் சாவி

பூட்டைப் பற்றிச் சொல்லியாயிற்று. ஆனால் நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அபாயம் பெரும்பாலும் பூட்டிலிருந்து வருவதில்லை. கொடுத்த சாவியைத் திரும்பப் பெறாமையிலிருந்தே வருகிறது.

நாம் இடம் பெயர்ந்து வாழ்பவர்கள். இன்று கரமனையில் குடியிருப்பவர் அடுத்த ஆண்டு பெங்களூரில் இருப்பார். அதற்கடுத்த ஆண்டு துபாயில் இருப்பார். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாவியை உரிமையாளரிடம் ஒப்படைத்து, முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு செல்கிறோம். ஆனால் ஆர்வமுள்ள ஓர் இளைஞர் சங்கத்தின் சர்வரை அமைத்துக் கொடுத்துவிட்டு ஊர் மாறிச் சென்றால், அவருடைய பொதுச்சாவி அக்கோப்பில் அப்படியே இருக்கிறது. அவர் நல்லவர், அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய பழைய மடிக்கணினி இப்போது யாரிடம் உள்ளது? விற்றாரா, உறவினருக்குக் கொடுத்தாரா, பழுதுபார்க்கும் கடையில் விட்டாரா? நம் கதவின் சாவி அதனுள் இருக்கிறது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குப் பெட்ரோல் கொண்டு செல்லும் கொலோனியல் நிறுவனத்தின் குழாய்வழி ஏறத்தாழ ஆறு நாட்கள் நின்றுபோயிற்று. பங்குகளின் முன் மோட்டார் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. தாக்கியவர்களுக்கு அந்நிறுவனம் 44 இலட்சம் டாலர் கொடுத்தது. அவர்கள் உள்ளே புகுந்த வழி யாது? வி.பி.என். என்னும் தொலைதூர நுழைவு முறையில், எவரும் பயன்படுத்தாமல் விடப்பட்ட, ஆனால் நீக்கப்படாத ஒரு பழைய கணக்கு. அதற்குக் கடவுச்சொல் ஒன்றே காவல். எஸ்.எஸ்.எச். வேறு, வி.பி.என். வேறு, ஆயினும் பாடம் ஒன்றே.

ஆகவே சாவிகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும். கோப்பில் ஒவ்வொரு பொதுச்சாவி வரியின் இறுதியிலும் குறிப்பு எழுத இடம் உண்டு. அதில் உரியவர் பெயர், எந்தக் கணினி, எந்த ஆண்டு என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். ஒரு சாவியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாகாது. மறைச்சாவியை வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புவது, மோதிரத்தைத் தபாலில் அனுப்புவதற்குச் சமம். ஒருவர்க்கு இரண்டு கணினிகள் இருப்பின் இரண்டு சாவிகள் இருக்கட்டும். அப்போது ஒன்று தொலைந்தால் அந்த ஒரு வரியை அழித்துவிட்டால் போதும். மற்றவர் எவருக்கும் தொல்லை இல்லை. இணைச்சாவி முறையின் பெருஞ்சிறப்பே இதுதான். கடவுச்சொல்லைப் பத்துப் பேர் அறிந்திருந்தால் ஒருவர் விலகும்போது பத்துப் பேருக்கும் மாற்ற வேண்டும்.

வரியை அழிப்பதைப் பிரிவு உபசாரத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளலாம். விடைபெறும் செயலாளருக்கு மாலையிடும் நாளில், அவர் முன்னிலையிலேயே அவர் வரியை நீக்கிப் புதியவர் வரியைச் சேர்ப்பது இருவருக்கும் நன்று. பிற்காலத்தில் ஏதேனும் கெடுதல் நேர்ந்தால் போனவர்மீது பழி விழாது. அவரை நம்பாமையால் செய்வதன்று இது. அவரைக் காப்பதற்காகவே செய்வது.

எனினும் ஒரே ஒருவரிடம் மட்டும் சாவி இருப்பதும் குற்றமே. அவர் திடீரென நோயுற்றால் சங்கம் தன் வீட்டு வாசலிலேயே நிற்க நேரும். குறைந்தது இருவரிடமாவது தனித்தனிச் சாவிகள் இருத்தல் வேண்டும். வாடகைக் கணக்கின் பெயரும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். தனி மனிதரின் பெயரில் இருத்தல் தகாது.

காவலனுக்கும் காவல்

காவல் செயலியும் மனிதர் செய்ததே. அதிலும் குறை தோன்றும். டெபியன் என்னும் இயங்குதளத்தில் 2006-ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தால், அதில் உண்டாக்கிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 வடிவங்களுக்குள் அடங்கிவிட்டன. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் இது வெளிப்பட்டது. கோடானு கோடியில் ஒன்றாக இருக்கவேண்டிய சாவி, ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவில் ஒன்றாயிற்று. பலர் தம் சாவிகளை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

அண்மையில் 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் மற்றொன்று நிகழ்ந்தது. எக்ஸ்.இசட். என்னும் ஒரு சிறு துணை மென்பொருளில், அதன் பராமரிப்பில் நெடுநாள் பங்குகொண்டு நம்பிக்கை பெற்ற ஒருவர், எஸ்.எஸ்.எச். கதவுக்குப் பின்வழி ஒன்றை மறைத்துவைத்தார். ஆந்திரஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளர், தம் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி மிகுதியாவதைக் கவனித்து, காரணத்தைத் துருவி ஆராய்ந்து அதனைக் கண்டுபிடித்தார். உலகின் பெரும்பாலான சர்வர்களுக்குப் பரவுவதற்கு முன்பே அது அகற்றப்பட்டது. உள்ளமைப்பு எவரும் பார்க்கும்படி திறந்திருந்தமையால் அவ்வாராய்ச்சி இயன்றது.

நாம் அத்தகைய ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவந்தவுடன் அவற்றைச் சர்வர் தானே ஏற்றுக்கொள்ளும்படி அமைத்து, மாதம் ஒருமுறை வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

கட்டளைகளை இளைஞர் அறிவர். கேள்விகளைப் பெரியோர் கேட்கலாம். சங்கத்திலோ கடையிலோ சர்வர் இருந்தால், அடுத்த கூட்டத்தில் பின்வரும் ஐந்தையும் கேளுங்கள். விடையளிக்க ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று: கடவுச்சொல்லால் நுழையும் வழி அடைக்கப்பட்டுவிட்டதா? அதனை முயன்று பார்த்தீர்களா?

இரண்டு: இன்று சாவி வைத்திருப்பவர் எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன?

மூன்று: கடந்த ஆண்டில் விலகியவரின் சாவி நீக்கப்பட்டதா?

நான்கு: ஒவ்வொரு மறைச்சாவிக்கும் மறைமொழி உண்டா?

ஐந்து: கடைசியாகத் திருத்தம் ஏற்றது எந்நாளில்? தரவுகளின் நகல் சர்வருக்கு வெளியே எங்கே இருக்கிறது?

இவற்றிற்குத் தயங்காமல் விடை வந்தால் உங்கள் கதவு நன்றாகவே பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு, “பார்த்துத்தான் சொல்லவேண்டும்” என்று விடை வந்தால், அன்றே பார்த்துவிடுவது நன்று. இப்பொருள் பற்றி அன்பர்களுக்கு எழும் ஐயங்களைச் சங்க முகவரிக்கு எழுதியனுப்பினால் பின்வரும் இதழ்களில் விளக்குவோம். ஆனால் கடிதத்தில் கடவுச்சொல்லையோ மறைச்சாவியையோ எக்காரணம் கொண்டும் குறிக்க வேண்டா.